தாழ்வாரம் யாருடையது? (பாண்டிச்சேரி வைசியாள் வீதியின் கதை)

பாண்டிச்சேரியில் ஒரு தெருவுக்கு இரண்டு பெயர். பலகையில் கலவை சுப்பராய செட்டியார் வீதி என்று இருக்கும். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பார். "வைசியாள் வீதிங்க" என்றால் உடனே வண்டி கிளம்பிவிடும். வணிகக் குடும்பங்கள் குடியிருந்த தெரு என்பதால் அந்தப் பெயர். கலவை என்பது பிரெஞ்சுக்காரர்கள் வாயில் நுழைந்து 'கல்வே' ஆகி, அவர்கள் எழுத்தில் ஏறி, இப்போது நம் ஆட்களே அதைக் 'கால்வே' என்று படிக்கிறார்கள். மிஷன் வீதியில் இருக்கும் பழைய பள்ளிக்கூடத்தை மட்டும் உள்ளூர்க்காரர்கள் இன்னமும் கலவைக் கல்லூரி என்றுதான் சொல்கிறார்கள். நல்லவேளை.

(2006-லிருந்து அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி. ஆனால் என் வாயில் வருவது பாண்டிதான். பொறுத்துக்கொள்ளவும்.)

பாண்டிக்குப் போய்வந்து படம் போடுகிற நண்பர்கள் எல்லாரும் கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்களைத்தான் போடுகிறீர்கள். போகன்வில்லா, நீலப் பலகையில் 'ரூ' என்று தொடங்கும் தெருப்பெயர், பக்கத்தில் ஒரு சைக்கிள். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாய்க்காலுக்கு மேற்கே ஒரு ஊர் இருக்கிறது. அங்கேதான் சனம் இருக்கிறது. அந்த ஊரின் ஒரு தெரு எப்படிப் பிழைத்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும். பரவாயில்லையா?

முதலில் கொஞ்சம் பழைய கதை.

1674-ல் பிரான்சுவா மார்த்தேன் வந்து பிரெஞ்சுக் கம்பெனிக்கு இங்கே கால் ஊன்றினார். 1693-ல் டச்சுக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். 1699 வரை ஆறு வருஷம்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த ஆறு வருஷத்தில் வரைந்த வரைபடங்களில்தான் பாண்டியின் நேர்நேரான கட்டத் தெருக்கள் தெளிவாகத் தெரிகின்றன. பிரெஞ்சு நகர அமைப்பு என்று எல்லோரும் வியக்கிற விஷயத்தில் டச்சுக்காரன் கை நிறைய இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை.

பிறகு 1761 ஜனவரி. ஐர் கூட் தலைமையில் வந்த ஆங்கிலேயர் படை மாதக்கணக்கில் முற்றுகை போட்டு, பட்டினி போட்டு, நகரத்தைப் பிடித்தது. பிடித்ததோடு விடவில்லை, இடித்தது. கோட்டை, மாளிகைகள், கோவர்னர் வீடு எல்லாம் தரைமட்டம். 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியதும் அதே மாதத்தில்தான். அவர் எழுதிய ஊரும் அவரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்றே சொல்லலாம். அவருடைய மாளிகை மட்டும் ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் தமிழ்நாட்டு மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள்.

பாரீஸ் உடன்படிக்கைக்குப் பிறகு 1765-ல் ஊர் திரும்பக் கைக்கு வந்தபோது, பழைய அஸ்திவாரங்களின் மேலேயே தெருக்களை மறுபடி எழுப்பினார்கள். ஆக நாம் இன்று பார்க்கிற 'பழைய' பாண்டியே ஒரு மறுகட்டுமானம்தான். இடிந்தது, மீண்டும் கட்டியது. இந்த ஊருக்கு அது புதுசு இல்லை.

வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். பெயரே அப்படித்தான் வைத்தார்கள், மறைக்கவெல்லாம் இல்லை. மேற்குப் பக்கத்தில் நம் ஆட்கள் இன்னொரு முறை பிரித்துக்கொண்டார்கள். வெள்ளாளர் ஒரு தெரு, வணிகர் ஒரு தெரு, மாதா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவர்கள், தெற்கே முஸ்லிம்கள். வெள்ளைக்காரன் ஒரு கோடு போட்டான், மீதிக் கோடுகளை நாமே போட்டுக்கொண்டோம்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

வைசியாள் வீதி வீட்டை வாசலிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது தாழ்வாரம். இங்கே ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்க ஊர்ப்பக்கம் தாழ்வாரம் என்றால் வீட்டுக்குள்ளே முற்றத்தைச் சுற்றி ஓடும் சாய்ப்பு. பாண்டியில் அந்தச் சொல்லைத் தெருப்பக்கத்துக்குச் சொல்கிறார்கள். வீட்டின் முன்சுவரிலிருந்து தெருவை நோக்கிச் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை, அதைத் தாங்கத் தெருவோரத்தில் வரிசையாக மரத்தூண்கள். அதற்கு உள்ளே ஒரு படி மேலே திண்ணை. திண்ணைக்குப் பின்னால் சித்திர வேலை செய்த கதவு. கதவைத் தாண்டினால் முற்றம். மேலே மாடி இருந்தால் அது பிரெஞ்சுப் பாணியில் இருக்கும். வளைவு ஜன்னல், சுவரில் ஒட்டிய அரைத்தூண், கைப்பிடிச் சுவரில் குண்டு குண்டாகச் சின்னத் தூண்கள். கீழே வேட்டி, மேலே கோட்டு என்று என் நண்பன் ஒருத்தன் சொல்வான்.

இதில் தாழ்வாரம் ஒரு விசித்திரமான இடம். காசு போட்டுக் கட்டியது வீட்டுக்காரர். பலன் தெருவில் போகிறவனுக்கு. சித்திரை வெயிலில் மூட்டை தூக்கிக்கொண்டு போகிறவன், ஐப்பசி மழையில் ஒதுங்குகிறவன், கோயிலுக்குப் போகிற வழியில் காலை நீட்டுகிற வெளியூர்க்காரன், எல்லோருக்கும் அதுதான் கூரை. வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை.

இதைப் படித்துவிட்டு உடனே "ஆகா, அந்தக் காலத்து விருந்தோம்பல்" என்று உருகிவிட வேண்டாம். திண்ணையில் யார் உட்காரலாம், யார் தாழ்வாரத்தோடு நிற்க வேண்டும், யார் அந்தத் தெருவிலேயே தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்த காலம் அது. தூண்களை மட்டும் பார்த்துவிட்டுப் பொற்காலம் என்று பேசுகிறவர்களை எனக்கு ஒத்துவராது. நிழல் நல்ல விஷயம், அந்த ஏற்பாடு கெட்ட விஷயம். முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடலாம் என்பதுதான் என் கட்சி.

தாழ்வாரத்தின் இன்னொரு குணம், அது தனியாக வேலை செய்யாது. ஒரு வீட்டில் தாழ்வாரம் இருந்து அடுத்த இரண்டு வீட்டில் இல்லை என்றால், நடக்கிறவன் வெயிலில் இறங்கி, சாக்கடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். இரண்டு தடவை ஏறி இறங்கினால் மூன்றாம் தடவை நடுரோட்டிலேயே போய்விடுவான். வரிசையாக இருந்தால்தான் அது நடைபாதை. நடுவில் ஒருவர் வண்டி நிறுத்தத் தூணை எடுத்துவிட்டால் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தின் மதிப்பும் பாதியாகிவிடும். அப்புறம் அவரும் எடுத்துவிடுவார். "நான் மட்டும் ஏன் கட்டிக் காப்பாத்தணும்?" நியாயமான கேள்விதானே.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அதற்குப் பிறகு பாண்டி வியாபார ஊராக வேகமாக வளர்ந்தது. வரி குறைவு, சுற்றியிருக்கும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து சரக்கு வாங்க வருகிற கூட்டம், நேரு வீதியில் தீபாவளி நெரிசல். தெருவோரத்து இடத்துக்கு விலை ஏற ஏற, தாழ்வாரமும் திண்ணையும் 'வீணாக் கிடக்கிற இடம்' ஆகிவிட்டது. ஷட்டர் போட்டால் கடை, கடை போட்டால் வாடகை.

இங்கே என் அத்தை வீட்டைச் சொல்லியாக வேண்டும். வைசியாள் வீதிக்குச் சில தெரு தள்ளி. சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்கு அங்கேதான் போவோம். ஐந்து தூண் வைத்த தாழ்வாரம். மாமா போன பிறகு பிள்ளைகள் நாலு பேருக்கும் பாகப்பிரிவினை. நாலு பேரில் இரண்டு பேர் பாண்டியிலேயே இல்லை. முற்றத்தை நாலாகப் பிரிக்க முடியுமா? அந்த நேரத்தில் மழை இறங்கி முன்சுவரில் பூச்சு உதிர, ஒரு மேஸ்திரி வந்து சிமெண்டில் பூசிக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் சுவர் முழுக்க உப்பு பூத்துப் பொரிந்துவிட்டது.

ஏன் என்று பின்னால்தான் புரிந்தது. பழைய சுவர் சுட்ட செங்கல்லும் சுண்ணாம்பும். அது ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். மூச்சு விடுகிற சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு செங்கல்லையே அரிக்கும். மெட்ராஸ் டெரஸ் தளமும் அப்படித்தான். மர உத்திரத்தின்மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்காக நெருக்கி அடுக்கி, சுண்ணாம்புக் கலவையும் செங்கல் ஜல்லியும் போட்டுக் கட்டை வைத்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். ஒழுகுகிறது என்று அதன்மேலேயே கான்கிரீட்டைக் கொட்டினால் பாரம் தாங்காமல் உத்திரம் தொய்யும். பழைய வீடு 'தானாக விழுந்தது' என்று சொல்கிற பல இடங்களில் முதல் அடியை வைத்தது தப்பான ரிப்பேர்தான்.

வீட்டை விற்றார்கள். "தூணெல்லாம் என்ன பண்ணீங்க அத்தை?" என்று கேட்டேன். "பழைய சாமான்காரன் வந்தான்டா, லாரில ஏத்திட்டுப் போனான். அந்தத் தூணை வித்த காசுலதான் பத்திரச் செலவே ஆச்சு" என்றாள். கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நான் லீவுக்கு வந்து போனவன். ஓட்டை மாற்றியதும் ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்ததும் அவள்தான். இப்போது அங்கே நாலு மாடி நிற்கிறது.

பழைய வீடுகளைக் காப்பாற்றுங்கள் என்று சொல்கிறவர்கள் என் அத்தையின் அந்தப் பதிலுக்கு ஒரு வழி சொல்லியாக வேண்டும். செலவு யாருடையது?

பாண்டியில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது இன்டாக் அமைப்பு. 1984-லிருந்து அங்கே வேலை செய்கிறார்கள். 1990-களின் நடுவில் அவர்கள் எடுத்த கணக்கெடுப்பில் பாரம்பரியக் கட்டடம் என்று 1,800-க்கும் மேல் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அதில் பல நூறு காணாமல் போனது. போனதில் பெரும்பங்கு வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். கிழக்கே அரசுக் கட்டடங்கள், ஆசிரமத்தின் கட்டடங்கள், பிரெஞ்சு நிறுவனங்கள் என்று பெரிய கைகள் இருந்தன. மேற்கே இருந்தவை எல்லாம் குடும்பச் சொத்துகள். என் அத்தை வீடு மாதிரி.

அந்த நேரத்தில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஏசியா அர்ப்ஸ்' திட்டம் வந்தது. ஆசிய நகரங்களும் ஐரோப்பிய நகரங்களும் கூட்டுச் சேர்ந்து வேலை செய்வதற்கு உதவும் திட்டம். பாண்டிச்சேரி நகராட்சியோடு கூட்டுச் சேர்ந்தவை இத்தாலியின் உர்பீனோவும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோவும். பாரிஸ், ரோம் மாதிரிப் பெரிய ஊர்கள் இல்லை, இரண்டுமே பழைய தெருக்களை வைத்துக்கொண்டு பிழைக்கிற சின்ன ஊர்கள். உள்ளூரில் வேலையை முன்னின்று செய்தது இன்டாக். 2002 முதல் 2004 வரை. கட்டடத்தை அழகாக்குவது மட்டும் நோக்கம் இல்லை, பாரம்பரியத்தைப் பாதுகாப்பதன் வழியாக ஊருக்குப் பொருளாதாரப் பலனும் சுற்றுச்சூழல் பலனும் வர வேண்டும் என்பதுதான் அடிப்படை. அதன் மாதிரித் தெருவாக எடுத்துக்கொண்டது வைசியாள் வீதியை.

ஒரு மாளிகையைத் தேர்ந்தெடுக்காமல் ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்ததுதான் இதில் எனக்குப் பிடித்த புத்திசாலித்தனம். மாளிகையைச் சரிசெய்தால் மியூசியம் கிடைக்கும். தெருவைச் சரிசெய்ய வேண்டும் என்றால் வீடு வீடாகப் போய்ப் பேசியாக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சந்தேகம் இருக்கும். 'லிஸ்டுல பேர் ஏறிடுச்சுன்னா அப்புறம் வீட்டை விக்கவே முடியாதாமே' என்று என் அத்தையே கேட்டிருக்கிறாள். அரசாங்கம் என்றால் பட்டா, நோட்டீஸ், வரி என்றுதான் நம் சனத்துக்குப் பழக்கம். நகராட்சி வாசலில் வந்து "உங்க தூணைச் சரிபண்ணித் தர்றோம்" என்று சொன்னால் யாருக்கும் முதலில் சந்தேகம்தான் வரும்.

ஏற்பாடு இதுதான். வீட்டின் முகப்பைப் பழையபடி சரிசெய்யும் செலவில் ஒரு பங்கு திட்டத்தின் பணத்திலிருந்து, இன்னொரு பங்கு வீட்டுக்காரர் கையிலிருந்து. முழுவதும் இலவசம் இல்லை. இதைப் பற்றி நண்பர்களோடு நான் நிறைய வாதாடியிருக்கிறேன். "ஏழைபாழைக்கு முழுசாவே கொடுக்கலாமே" என்பார்கள். ஆனால் இலவசமாகப் பூசின சுவரை யாரும் தன் சுவராக நினைப்பதில்லை. தன் காசும் அதில் இருந்தால் மேஸ்திரி சிமெண்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது வீட்டுக்காரரே தடுப்பார். அதோடு, பங்குப் பணம் என்றால் இன்னொரு காரியமும் நடக்கிறது. எதிர்வீட்டுக்காரர் தன் பங்கைப் போட்டுவிட்டார் என்று தெரிந்தால்தான் நம் பங்கைப் போட மனசு வரும். தாழ்வாரம் தனியாக வேலை செய்யாது என்று மேலே சொன்னேனே, அதற்குப் பொருத்தமான மருந்து இதுதான்.

விழுந்துபோன தாழ்வாரங்களை மறுபடி எழுப்பினார்கள். சாய்ந்த தூண்களை நிமிர்த்தினார்கள். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார்களுக்கு வேலை கிடைத்தது. எனக்கு முகப்பை விட இது பெரிய விஷயமாகப் படுகிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டுச் சுண்ணாம்பு அரைக்கிற கை ஒரு தலைமுறை சும்மா இருந்தால் அந்தக் கையே மறந்துபோகும். பிறகு காசு இருந்தாலும் ஆள் கிடைக்காது.

2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் வைசியாள் வீதிக்கும் இடம் கிடைத்தது. அந்தத் தெருவில் ஒரு பழைய வீடு ஓட்டலாக மாறியது. அடுத்தடுத்த தெருக்களிலும் தமிழ் வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறத் தொடங்கின. முற்றத்தில் மேசை போட்டுச் சாப்பாடு. வீடு ஓட்டலாவது பற்றி நம்மில் பலருக்கு முகச்சுளிப்பு உண்டு. எனக்கும் கொஞ்சம் உண்டு, அந்த வாடகையில் என் அத்தை மாதிரி ஆட்கள் ஒரு ராத்திரி தங்க முடியாது என்பதால். ஆனால் நாலு மாடிக் கட்டடத்தா, முற்றத்தில் காப்பி விற்கிற வீடா என்றால் நான் காப்பிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பழைய வீடும் சம்பாதிக்கும் என்று பக்கத்துத் தெருக்காரர் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

இதுவரை நல்ல கதை. இனிமேல் கொஞ்சம் கசப்பு.

முகப்பைச் சரிசெய்தார்கள், முகப்புக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு அந்தத் திட்டத்தில் வழி இல்லை. நாலு பங்காளிகள் சண்டை போட்டால் எந்த ஐரோப்பிய நகராட்சியும் வந்து தீர்த்துவைக்க முடியாது. ஒரு தெருவுக்கு மாதிரி காட்டியாகிவிட்டது, அடுத்த தெருக்களை யார் எடுப்பது? திட்டத்தின் பணம் 2004-ல் முடிந்தது. மாதிரி என்றால் அதைப் பார்த்து அடுத்தது வர வேண்டும். அதே கணக்கில் தெருத்தெருவாக வரவில்லை.

ஏன் என்று யோசித்தால் எனக்கு ஒரு இடத்தில்தான் போய் முட்டுகிறது. மக்களும் நகரமும் கைகோர்த்தார்கள் என்று எழுதுகிறோம். நகரம் என்றால் யார்? பாண்டிச்சேரி நகராட்சிக்கு 1968-ல் தேர்தல் நடந்தது. அதற்கடுத்த தேர்தல் எப்போது தெரியுமா? 2006. முப்பத்தெட்டு வருஷம். வைசியாள் வீதி வேலை நடந்த 2002, 2003, 2004-ல் அந்தத் தெருவுக்குக் கவுன்சிலரே கிடையாது. எல்லாம் அதிகாரிகள் நிர்வாகம். நல்ல அதிகாரி இருந்தால் நல்ல காலம், மாற்றலாகிப் போனால் ஃபைலும் போச்சு. 2006-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக அடுத்த தேர்தல் நடக்கவே இல்லை. 2021-ல் அறிவிப்பு வந்து, இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் கோர்ட்டுக்குப் போய் நின்றுவிட்டது.

இதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், நகராட்சித் தேர்தல் என்பதை இந்தியாவில் மிக முன்கூட்டிப் பார்த்த ஊர்களில் ஒன்று பாண்டி. பிரெஞ்சுக்காரர்கள் 1880-லேயே கொம்யூன், மேயர், தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். (அந்தத் தேர்தல்களில் நடந்த அடிதடிகளும் பிரசித்தம். எல்லாம் யோக்கியம் என்று நான் சொல்லவரவில்லை.) அந்த மேயர் உட்கார்ந்த கட்டடம்தான் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி. 1870-71-ல் கட்டியது. வெள்ளைத் தூண்கள் வைத்து, கடலைப் பார்த்து நின்றது.

2014 நவம்பர் 29. அடைமழை. மேரி இடிந்து விழுந்தது. வெள்ளை நகரத்தில், கடற்கரையில், அரசாங்கத்தின் சொந்தக் கட்டடம். பல வருஷம் பழுது தெரிந்தே இருந்தது, சீர்செய்யப் பேச்சும் திட்டமும் இருந்தன. தன் பங்கைப் போட்டு ஓடு மாற்றிய வைசியாள் வீதிக்காரர் வீடு நின்றது, நகராட்சியின் வீடு விழுந்தது. பிறகு உலக வங்கிக் கடனுதவியில் சுமார் 15 கோடி ரூபாய்ச் செலவில் பழைய தோற்றத்திலேயே கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். படத்தில் பார்த்தால் அச்சு அசல் அதே கட்டடம். உள்ளே நகரசபை என்று கூட வேண்டியவர்கள்தான் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அகமதாபாத்தைச் சொல்லலாம். அங்கே பழைய நகரத்தில் 'போள்' என்று சொல்வார்கள், ஒரே வாசல் வைத்த குறுக்குச் சந்துகள், மரச் செதுக்கு வீடுகள். மாநகராட்சியே 1996-ல் தனக்குள்ளே பாரம்பரியத்துக்கு என்று ஒரு பிரிவைத் தொடங்கியது. 1997 நவம்பரில் காலைநேரப் பாரம்பரிய நடையைத் தொடங்கினார்கள். காலுப்பூர் சுவாமிநாராயணன் கோயிலில் தொடங்கி ஜாமா மசூதியில் முடியும் நடை. போள்காரர்கள் தங்கள் சந்தைப் பார்க்க வெளியாள் வருவதைப் பார்த்துத்தான், 'ஓ, இதுல ஏதோ இருக்கு போல' என்று திரும்பிப் பார்த்தார்கள். 2017-ல் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரம் என்று யுனெஸ்கோ அறிவித்தது. அங்கேயும் இடிகிறது, அங்கேயும் பங்காளிச் சண்டை உண்டு. ஆனால் ஒருவர் தன் வீட்டைச் சரிசெய்ய நினைத்தால் போய்க் கேட்க மாநகராட்சியில் ஒரு மேசை இருக்கிறது. வெளிநாட்டுத் திட்டம் முடிந்ததும் மூடிவிடுகிற மேசை இல்லை அது.

பாண்டியிலேயே இதற்கு நேர் எதிரான காட்சியைப் பெரிய மார்க்கெட்டில் பார்த்தோம். நேரு வீதியை ஒட்டிய குபேர் மார்க்கெட். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அதை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று வந்தபோது கடைக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். கடையைக் காலி பண்ணிவிட்டுப் போனால் திரும்ப இடம் கிடைக்குமா, எப்போது, எத்தனை அடி, யார் உத்தரவாதம்? வைசியாள் வீதியில் வீடு வீடாகப் பேசியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மீன் விற்கிற அம்மாவிடம் முதலில் உட்கார்ந்து பேசாமல் வரைபடம் போட்டால் வரைபடம்தான் மிஞ்சும்.

அடுத்த முறை பாண்டி போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள், கடை திறந்துவிட்டால் வண்டி நிறுத்தி முகப்பே தெரியாது. பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீட்டில் தொடங்கலாம் (உள்ளே பார்க்க வேண்டும் என்றால் நினைவகம் திறக்கிற நேரம் வரை காத்திருக்க வேண்டும்). அங்கிருந்து ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் பாரதி இருந்த வீடு. 1908-லிருந்து 1918 வரை பாண்டியில் இருந்தவர் அவர். அப்படியே தெற்கே இறங்கி வைசியாள் வீதி. நடக்கும்போது தெருவின் நடுவில் நடக்காமல் தாழ்வாரத்தோடு நடந்து பாருங்கள். எத்தனை வீடு வரை கீழே இறங்காமல் போக முடிகிறது என்று எண்ணுங்கள். எந்த வீட்டருகே இறங்க வேண்டியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது அவர்கள் வீடு.

உங்களில் யார் வீட்டிலாவது பழைய பாண்டித் தாழ்வாரத்தின் முன் எடுத்த கல்யாணப் படமோ குரூப் போட்டோவோ இருந்தால் ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள். தெருப்பெயரையும் வருஷத்தையும் மறக்காமல் எழுதுங்கள். அத்தை வீட்டுப் படம் என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதில் ஐந்து தூணில் மூன்றுதான் விழுந்திருக்கிறது, மீதி இரண்டையும் சித்தப்பா மறைத்துக்கொண்டு நிற்கிறார்.